சேற்றுச் சைக்கிளும் கழுவிப் பூட்டுதலும்

மாரி தொடங்கினால் பூநகரி ஒழுங்கைகளில் ஓடும் மவுண்டன் பைக்கின் நிறமே மாறிவிடும். மேலே கிறவல் சிவப்பு, கீழே வயற்சேறு, கடலேரிப் பக்கம் போய்வந்தால் உவர்மண்ணும் ஒட்டிக்கொள்ளும். இளவட்டங்களின் புதுநாகரிகம், அதை அப்படியே சேர்விஸ் ஸ்டேஷனுக்கு உருட்டிப்போய் உழவு இயந்திரம் கழுவும் குழாயால் அடிப்பிப்பது. ஐந்து நிமிடத்தில் பளபளக்கும். கெடுதலும் அந்த ஐந்து நிமிடத்திலேயே முடிந்துவிடும்.

சில்லின் நடுவிலும், பெடல் அச்சிலும், காண்டில் கழுத்திலும் போல்ஸ் உருள்கின்றன. அவற்றைக் காப்பது கிறீஸ். வேகமாக அடிக்கும் தண்ணீர் ரப்பர் மூடியைத் தாண்டி உள்ளே போய்க் கிறீஸைக் கழுவிவிடும், மணலையும் கொண்டுபோய்ச் சேர்க்கும். வெளியே பளபளப்பு, உள்ளே அரைப்பு. ஆகவே அழுத்தக் குழாய் வேண்டாம்.

வன்னியின் பழைய சைக்கிள் கடைக்காரர்களுக்கு இது புதிதல்ல. 1990களின் பொருளாதாரத் தடையில் பெற்றோல் அருகியபோது நெல்மூட்டையும் விறகும் நோயாளியும் சைக்கிளில்தான் போனார்கள். டைனமோவைக் கையால் சுற்றி வானொலி கேட்ட வீடுகளும் உண்டு. அச்சைக் கழற்றி, போல்ஸை மண்ணெண்ணெயில் அலசி, புதுக் கிறீஸ் வைத்துக் கழுவிப் பூட்டும் கலைக்கு ஈடாக எந்தக் குழாயையும் சொல்ல முடியாது.

மவுண்டன் பைக்கின் சொந்த ஊரிலும் இதே கதைதான். கலிபோர்னியாவின் மரின் மலைச்சரிவில் 1976 ஒக்டோபரில் தொடங்கிய பந்தயத்துக்கு 'ரீபாக்' என்று பெயர். பிறேக் சூட்டில் சில்லுக்குள் இருந்த கிறீஸ் புகைந்து போக, இறங்கியதும் திரும்பக் கிறீஸ் அடைக்க வேண்டியிருந்தது; பெயரும் அதனால்தான்.

வீட்டு வேலை சுருக்கமானது. சேறு காயுமுன் வாளித் தண்ணீரை மேலிருந்து மெதுவாக ஊற்றி ஊறவிட வேண்டும். காய்ந்த சேற்றைத் துணியால் தேய்த்தால் மணல் பெயின்ரைக் கீறும். பிறகு சவர்க்கார நீரும் ஸ்பொஞ்சும் போதும். பூநகரியில் பல கிணறுகள் உவர் என்பதால், கடைசி அலசலுக்கு மழைத்தண்ணீர் நல்லது.

செயினுக்குத்தான் பொறுமை வேண்டும். பழைய பல்துலக்கும் பிறஸ்ஸில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி ஒவ்வொரு கண்ணியாய்த் தேய்த்து, துடைத்து, நிழலில் நன்றாக உலரவிட வேண்டும். பிறகு கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய், உட்பக்கமாக. சற்றுப் பொறுத்து, வெளியே மிஞ்சியதைத் துடைத்துவிட வேண்டும். மிஞ்சிய எண்ணெய் மணலைப் பிடிக்கும். கழிவு ஒயில் ஊற்றுவோருக்கும் இதே பதில். டபிள்யூ.டி.40 அடிப்போர் ஒன்றை மறக்கிறார்கள்: 1953இல் அமெரிக்காவில் அதைச் செய்தது ஈரத்தை விரட்டித் துருவைத் தடுக்க. ஈரம் போக்க அடிக்கலாம், செயின் எண்ணெய் அதற்குப் பிறகுதான். முதலில் உலர்த்தல், பிறகு எண்ணெய், கடைசியில் துடைப்பு.

டிஸ்க் பிறேக் உள்ள சைக்கிளென்றால், மண்ணெண்ணெயோ எண்ணெயோ எடுக்குமுன் டிஸ்க்கைப் பழந்துணியால் மூடிவிட வேண்டும். ஒரு சொட்டுப் பட்டாலும் பிறேக் பாட் உறிஞ்சிக்கொள்ளும். பிறகு பிடிக்கும்போது கீச்சிடும், பிடியும் தளரும், பெரும்பாலும் பாட்டை மாற்றத்தான் வேண்டிவரும்.