காலம் கடந்துவிட்டதா?



சென்ற பொங்கலுக்கு மறுநாள், முன்னர் என்னிடம் கல்வி பயின்ற மாணவர் ஒருவர் என்னைக் காண வீட்டுக்கு வந்திருந்தார். இன்று அவர் ஒரு சட்டத்தரணி. பேச்சின் நடுவே, நெடுநாளாக நெஞ்சில் கிடந்த வினா ஒன்றை அவரிடம் கேட்டுவிட்டேன்.

"தம்பி, எனக்கு வயது 55. இனிச் சட்டம் படிக்கப் புறப்பட்டால் காலம் கடந்த வேலை ஆகுமா?"

அவர் உடனே விடை கூறவில்லை. "எதற்காகப் படிக்கப் போகிறீர்கள் சேர்? அதைச் சொன்னால்தான் காலம் கடந்ததா இல்லையா என்று சொல்ல முடியும்" என்றார்.

மாணாக்கர் ஆசிரியருக்கு இட்ட அந்த வீட்டுப்பாடத்தையே இன்று உங்கள் முன்னிலையில் செய்து பார்க்க விரும்புகிறேன். பாடசாலையிலும் கச்சேரியிலும் பல ஆண்டு உழைத்த பின்னர், இளமையில் கைவிட்ட கல்வி ஒன்றை நினைத்துப் பெருமூச்செறிவோர் நேயர்களிடையே பலர் இருப்பர். அவர்களுக்கும் இது பயன்படக்கூடும்.

நான் கலைப் பட்டம் பெற்ற நாளிலேயே சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்கு விண்ணப்பம் எழுதினேன், அனுப்பவில்லை. அது போர்க்காலம். வீட்டில் தங்கைமார் இருவர். ஆசிரிய நியமனம் கையில் கிடைத்தது, அதைப் பற்றிக்கொண்டேன். அதற்காக நான் வருந்தியதில்லை. வருந்த வைத்தது பின்னர் நிகழ்ந்த ஒன்று.

2017ஆம் ஆண்டில் மாணவி ஒருத்தியின் தாயார் பழைய காணி உறுதி ஒன்றை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். போரினால் இடம்பெயர்ந்து பல ஆண்டுகளின் பின் ஊர் திரும்பியபோது, அவருடைய காணியில் வேறொருவர் வீடு கட்டி வாழ்ந்துகொண்டிருந்தார். நம் நாட்டிலே 1871ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி, பிறர் காணியை 10 ஆண்டுகள் உரியவருக்கு எதிராகத் தடையின்றி ஆண்டுவருபவர் அதற்கே உரிமை கோரலாம். இதனை நான் ஓரளவு அறிந்திருந்தேன். ஆகவே, பிரதேச செயலாளருக்கு நல்ல தமிழில் ஒரு மனு எழுதிக் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

நான் அறியாதது ஒன்றிருந்தது. போர்ச் சூழலால் நீதிமன்றத்தை நாட முடியாதிருந்தோர்க்காக 2016ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் ஒரு விசேட சட்டத்தை இயற்றியிருந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையுள்ள காலத்தை அத்தகையோருக்கு எதிராகக் கணக்கிடலாகாது என்பது அதன் சாரம். ஆயின், அந்தச் சலுகையைப் பெற விரும்புவோர் 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுத்தல் வேண்டும். இதனை நான் கேள்விப்பட்டது 2018ஆம் ஆண்டின் முடிவில். அந்த அம்மையார் என் வாசலுக்கு வந்தபோது கதவு திறந்திருந்தது. எனக்குத் தெரியவந்தபோது அது மூடிவிட்டது. அவர் வழக்கில் வென்றிருப்பார் என்று நான் சொல்ல மாட்டேன். கேட்பதற்கு இருந்த ஒரு வழியை நான் காட்டவில்லை என்பதே என் குறை.

"எதற்காக" என்ற வினாவுக்கு என் விடை இதுதான். இனி, காலக் கணக்கைப் பார்ப்போம்.

1874ஆம் ஆண்டு முதல் சட்டக் கல்வியை நடத்திவரும் இலங்கைச் சட்டக் கல்லூரியில் நுழைவுப் பரீட்சையில் தேறியவர்க்கு 3 ஆண்டுக் கல்வி. அதன்பின் அனுபவமிக்க சட்டத்தரணி ஒருவரிடம் 6 மாதப் பயிற்சி. மற்றொரு வழி, தொழில் செய்துகொண்டே திறந்த பல்கலைக்கழகத்தில் தொலைக்கல்வி முறையில் சட்டமாணிப் பட்டம் பெறுவது. அதற்குக் குறைந்தது 4 ஆண்டுகள். அதன் பின்னரும் சட்டக் கல்லூரியின் இறுதிப் பரீட்சையும் பயிற்சியும் உண்டு. எல்லாம் முடிந்து உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்யும்போது எனக்கு வயது 60 ஆகிவிடும், 61ஆகவும் இருக்கலாம். ஏறக்குறைய அரச சேவையிலிருந்து ஓய்வு பெறும் வயது.

அந்த வயதில் எவையெவை கிட்டா? மேன்முறையீட்டு நீதிமன்ற நீதியரசர் 63 வயதிலும், உயர் நீதிமன்ற நீதியரசர் 65 வயதிலும் ஓய்வு பெறுகின்றனர். அவர்கள் இறங்கும் படியில் நான் ஏறத் தொடங்குவேன். நீதிபதி ஆசனமோ, புதுக்கடை நீதிமன்றங்களில் பெரும் புகழோ என் குறியாயின் காலம் கடந்தேவிட்டது. இதில் மயக்கம் வேண்டியதில்லை.

ஆனால் சட்டத் தொழில் என்பது அது மட்டுமா? நம் நாட்டிலே காணி கைமாற வேண்டுமாயின் நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில், இரு சாட்சிகளுடன் உறுதி முடித்தல் வேண்டும். 1840ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி இது. வடபகுதியிலே அதனோடு தேசவழமையும் சேர்கிறது. மனைவி தன் சீதனக் காணியை விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். பங்காளிக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. யாருடைய சீதனம் எது, எந்த வேலி எந்த ஆண்டில் நகர்ந்தது என்பனவற்றை அறிந்த முதியவர் ஒருவர் உறுதி எழுதும் மேசையில் அமர்வாராயின், பல வழக்குகள் பிறவாமலே போய்விடும். வடக்கு, கிழக்கு மாகாண நீதிமன்றங்களின் மொழி தமிழ் என்பதும் எம்போன்றோர்க்கு ஒரு துணை. இத்தகைய பணிக்கு நரை ஒரு குற்றமன்று. சில வேளைகளில் அதுவே தகுதி.

இவ்விடத்தில் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களை நினைக்கிறேன். 1832இல் பிறந்த அவர் ஆசிரியராயிருந்தார், பத்திரிகை நடத்தினார், 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானார், அரசாங்கக் கணக்குத் துறையில் உத்தியோகம் வகித்தார். சட்டப் பரீட்சையில் அவர் சித்தியெய்தியது 1871இல், 40 வயதை அணுகும்போது. அரசாங்க சேவையிலிருந்து ஓய்வு பெற்ற பின்னரே கும்பகோணத்தில் வழக்கறிஞரானார். பின்பு புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் விளங்கினார். ஏட்டுச் சுவடியிலிருந்து கலித்தொகையை அவர் அச்சேற்றிய 1887ஆம் ஆண்டும் அக்காலத்ததே.

எனினும் அவரைக் காட்டி எல்லோரையும் சட்டம் படிக்கத் தூண்டுவது நேர்மையன்று. அவரது ஆற்றல் அரிது. இந்த வழியிலே முட்கள் உண்டு. தீர்ப்புத் தொகுதிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன; தமிழ் மொழிமூலம் கற்ற என் போன்றோர்க்கு அது செங்குத்தான ஏற்றம். ஒரு முறை வாசித்து மனத்தில் நிறுத்திய காலம் போய்விட்டது. இப்போது மும்முறை வாசிக்க வேண்டியிருக்கிறது. புதிய சட்டத்தரணிக்கு முதல் ஆண்டுகளில் வருமானம் சொற்பம். என் மகனின் வயதுடைய ஒருவரிடம் பயிற்சி பெறவும், அவர் பிழை காட்டும்போது தலைவணங்கவும் வேண்டும். 30 ஆண்டுகள் பிறர் பிழையைத் திருத்திய அதிபருக்கு இது இலேசான காரியமன்று.

ஆகவே, முடிவு செய்யுமுன் மூன்று வினாக்களுக்கு விடை காணுங்கள். அங்கி வேண்டுமா, அந்த வேலை வேண்டுமா? வருமானம் வராவிடினும் குடும்பம் நிலைகுலையாதா? இடையில் நின்றுவிட நேர்ந்தாலும் கற்ற அளவு பயன் தருமா? 40 வயதில், பிள்ளைகள் படிக்கும் நிலையில், கடனும் உள்ள ஒருவர் கையிலுள்ள உத்தியோகத்தை விட்டுச் சட்டம் படிக்கப் போவதைவிட, ஓய்வூதியம் உறுதியான 55 வயதினர் போவதில் ஆபத்துக் குறைவு என்றே நான் கருதுகிறேன்.

பரீட்சை எழுத மனமில்லாதவர்க்கும் வழி உண்டு. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த மத்தியஸ்த சபைகளில் பணியாற்றச் சட்டப் பட்டம் வேண்டியதில்லை. அயலவர் பிணக்கைப் பேசித் தீர்க்கும் பொறுமையும் நடுநிலைமையும் வேண்டும். இவற்றை நெடுநாள் ஆசிரியத் தொழில் பலருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு இருக்கும் இடத்தை அறிந்து, வறியவர் ஒருவரை அங்கு அழைத்துச் செல்வதும் ஒரு தொண்டே. அதைத்தானும் 2017இல் நான் செய்யவில்லை.

நான் என்ன முடிவு செய்தேன் என்று கேட்பீர்கள். வீட்டிலே மனைவியிடம் சொன்னேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, "படியுங்கள். ஆனால் சின்னவளின் படிப்பு முடியுமட்டும் வீட்டுக் காணியை ஈடு வைக்கக் கூடாது" என்றார். அது நல்ல தீர்ப்பு. நான் மேன்முறையீடு செய்யவில்லை. திறந்த பல்கலைக்கழகத்தின் தெரிவுப் பரீட்சைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். காலையில் நான்கரை மணிக்கு எழுந்து ஆங்கிலம் வாசிக்கிறேன். தேறாவிட்டால் மறுமுறை எழுதுவேன். அதிலும் தேறாவிட்டால் மத்தியஸ்த சபைக்கு என் பெயரைக் கொடுப்பேன்.

நேயர்களே, வழக்குத் தொடுப்பதற்குச் சட்டம் காலவரையறை வைத்திருக்கிறது. அந்த அம்மையாருக்குக் காலம் கடந்துவிட்டது. நான் பெறும் எந்தப் பட்டமும் அதை மாற்றாது. ஆனால் அவரைப்போல் இன்னொருவர் பழைய உறுதியைக் கையில் ஏந்தி நாளை என் வாசலுக்கு வருவார். அவருக்கு நான் நல்ல தமிழில் ஒரு மனு மாத்திரம் எழுதிக் கொடுத்து அனுப்பலாகாது.