லாரி யார் பேர்ல இருக்கு?

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கியது. பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

இந்த எபிசோட் ஒரு போன் கால்ல ஆரம்பிச்சது. நாலு மாசம் முன்னாடி, ஆபீஸ்ல மீட்டிங் நடந்துட்டு இருக்கும்போது என் சித்தப்பா பையன் கூப்பிட்டான். பெரம்பலூர் மாவட்டம், குன்னம் பக்கம் ஊரு. ஒன்பது வருஷமா அடுத்தவங்க டாரஸ் ஓட்டுறான். டாரஸ்னா பத்து சக்கர லாரி. அது ஒரு மாடலோட பேர்தான், ஆனா நம்ம ஊர்ல எந்தக் கம்பெனி பத்து சக்கரமா இருந்தாலும் டாரஸ்தான்.

"அண்ணே, சொந்தமா வண்டி எடுக்கப் போறேன். லீசுக்கு. நீங்க ஒரே ஒரு ஜாமீன் கையெழுத்து மட்டும் போடணும்"னான்.

இதைக் கேக்குற உங்கள்ல பாதிப் பேருக்கு இந்த மாதிரி ஒரு கால் வந்திருக்கும், இல்லைன்னா வரும். சென்னையிலயோ பெங்களூர்லயோ மாசச் சம்பளம் வாங்குறோம், சம்பள ஸ்லிப் இருக்கு, சிபில் ஸ்கோர் நல்லா இருக்கு. ஊர்ல ஒருத்தனுக்கு ஓட்டத் தெரியும், ஆனா பேப்பர்ல அவனுக்கு மதிப்பு இல்ல. அதனால நம்ம கையெழுத்து தேவைப்படுது. நான் உடனே சரின்னும் சொல்லல, முடியாதுன்னும் சொல்லல. "பேப்பரை அனுப்பு, பாக்குறேன்"னேன்.

முதல்ல அந்த 'லீஸ்'ங்கிற வார்த்தை. நமக்கு லீஸ்னா வீடு. மொத்தமா ஒரு அஞ்சு லட்சம், எட்டு லட்சம் கொடுத்து, வாடகை இல்லாம இருந்துட்டு, போகும்போது பணத்தைத் திருப்பி வாங்கிக்குவோம். பழைய பேர் ஒத்தி, போக்கியம். தம்பி மனசுலயும் அந்த லீஸ்தான் இருந்தது. கொடுக்குற முன்பணம் எங்கயும் போயிடாதுன்னு நம்பிட்டு இருந்தான். பேப்பரைப் படிச்சா, அதுல இருந்தது வேற லீஸ்.

ஒரு கான்ட்ராக்டர். பேர் வேண்டாம். அரியலூர் பக்கம் சிமென்ட் லோடு ஓட்டுறவர். அந்தப் பக்கத்தைத் தெரியாதவங்களுக்கு ஒரு வரி: கோடிக்கணக்கான வருஷம் முன்னாடி அங்க கடல் இருந்தது, அது விட்டுட்டுப் போனதுதான் சுண்ணாம்புக்கல். அதனால அரசோட அரியலூர் சிமென்ட், ராம்கோ, டால்மியா, அல்ட்ராடெக், செட்டிநாடுன்னு ஆலைகள் வரிசையா வந்துச்சு. ஆலை இருக்குற இடத்துல லாரி இருக்கும். டிஎன் 46, டிஎன் 61 நம்பர்ல நீங்க ரோட்டுல பாக்குற டாரஸ்ல பல வண்டி இந்த வேலைக்கு ஓடுறதுதான்.

அவர் சொன்ன ஏற்பாடு இது. 3 லட்சம் முன்பணம். ஆறு வருஷப் பழைய வண்டி. மாசம் 45,000 ரூபாயை லோடு வாடகையில அவரே கழிச்சுக்குவார். 48 மாசம். கடைசியில வண்டி தம்பி பேருக்கு மாறும். டீசல், டோல், டயர், ரிப்பேர், இன்சூரன்ஸ், எஃப்சி எல்லாம் தம்பி தலையில. லோடு அவர்கிட்ட மட்டும்தான் எடுக்கணும். ஒரு மாசம் தவணை விட்டா வண்டியைத் திருப்பி எடுத்துக்கலாம், கட்டினது எதுவும் திரும்ப வராது.

கணக்கு போடுவோம். 45,000 பெருக்கல் 48, 21 லட்சத்து 60 ஆயிரம். முன்பணத்தோட 24 லட்சத்து 60 ஆயிரம்.

இப்போ அதே வண்டியை நேரடியா வாங்குறோம்னு வச்சுக்குவோம். விலை 18 லட்சம்னு ஒரு பேச்சுக்கு வைங்க. கையில இருந்து 3 லட்சம், ஃபைனான்ஸ்ல 15 லட்சம். "9 பர்சென்ட்தான் சார்"னு சொல்லுவாங்க. அது ஃப்ளாட் வட்டி. அதாவது நீங்க பாதி அசலை அடைச்ச பிறகும் முழு 15 லட்சத்துக்கே வட்டி போட்டுட்டு இருப்பாங்க. நாலு வருஷத்துக்கு வட்டி 5 லட்சத்து 40 ஆயிரம், மாச டியூ 42,500. குறையுற அசலுக்குக் கணக்குப் பார்த்தா, இந்த 9 உண்மையில 16 சதவீதம். எக்ஸெல்ல ரேட் ஃபார்முலா போட்டுப் பாருங்க, ரெண்டு நிமிஷம் ஆகும். நம்ம படிப்பு ஊருக்கு உதவுற இடம் இதுதான். 2024 அக்டோபர்ல இருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி, தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் கடன் கொடுக்குறவங்க 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்'னு ஒரு தாள் தரணும். வருஷ வட்டி எல்லாச் செலவும் சேர்த்து எவ்வளவுன்னு அதுல இருக்கும், வாங்குறவருக்குப் புரியுற மொழியில இருக்கணும். கேட்டு வாங்குங்க.

சரி, மொத்தம் எவ்வளவு? 3 லட்சம் கூட்டல் 20 லட்சத்து 40 ஆயிரம், 23 லட்சத்து 40 ஆயிரம். கான்ட்ராக்டர் கணக்குக்கும் இதுக்கும் வித்தியாசம் 1 லட்சத்து 20 ஆயிரம்தான். நாலு வருஷத்துக்கு அது பெரிய தொகை இல்ல. தம்பியும் அதைத்தான் சொன்னான்: "லோடும் அவரே தர்றாரே அண்ணே, அதுக்கு இது போகட்டும்."

நான் கேட்டது ஒண்ணுதான். முப்பதாவது மாசம் முடியலைன்னா என்ன ஆகும்? முதுகு வலி வரலாம். ஒரு விபத்து. ஐப்பசி, கார்த்திகை மழையில கட்டட வேலை நின்னு சிமென்ட் லோடு குறையலாம். சொந்தமா வாங்கின கணக்குல முப்பது டியூ கட்டின பிறகு பாக்கி அசல் கிட்டத்தட்ட 6 லட்சத்து 76 ஆயிரம். முன்கூட்டியே முடிக்க ஒரு சார்ஜ் கேப்பாங்க, இருக்கட்டும். வண்டியை 11 லட்சத்துக்கு வித்தா கடனை அடைச்சுட்டு 4 லட்சத்தோட வீட்டுக்குப் போகலாம். லீஸ் கணக்குல அதே முப்பது மாசத்துல அவன் 16 லட்சத்து 50 ஆயிரம் கட்டியிருப்பான். வெறுங்கையோட போவான். ரெண்டுலயும் வண்டி ஒண்ணு, ரோடு ஒண்ணு, தூங்காத ராத்திரியும் ஒண்ணு. ஆர்சி புக்ல இருக்குற பேர் மட்டும் வேற.

அந்த ஆர்சியை நாங்க அன்னைக்கே வாகன் தளத்துல நம்பர் போட்டுப் பார்த்தோம். அங்கதான் அடுத்தது. அந்த வண்டி மேல ஏற்கனவே ஒரு ஃபைனான்ஸ் இருந்தது! மோட்டார் வாகனச் சட்டம் 51வது பிரிவுப்படி, கடனோ ஹயர் பர்ச்சேஸோ லீஸோ எதுவா இருந்தாலும் ஆர்சியில பதியணும். பதியறதுக்கு 34ஆம் நம்பர் படிவம், கடன் முடிஞ்சு எடுக்குறதுக்கு 35ஆம் நம்பர். கான்ட்ராக்டர் தன்னோட கடனைக் கட்டலைன்னா ஃபைனான்ஸ்காரங்க வந்து வண்டியை எடுப்பாங்க; தம்பி ஒரு தவணை கூட விடாம கட்டியிருந்தாலும் எடுப்பாங்க. ஹயர் பர்ச்சேஸ்ல எல்லாத் தவணையும் முடியுற வரைக்கும் ஃபைனான்ஸ் கொடுத்தவர்தான் உரிமையாளர்னு உச்ச நீதிமன்றம் 2020-லயும் சொல்லியிருக்கு. அடியாள் வச்சுப் பிடுங்கக் கூடாதுன்னு 2007-லயே சொன்னதும் அதே நீதிமன்றம்தான். ஆனா நடுராத்திரி டோல்கேட்ல நிக்கிற டிரைவர் கையில தீர்ப்பு நகல் இருக்காது.

இன்னொரு விஷயம், இது கொஞ்சம் கொடுமை. அதே சட்டத்துல 'உரிமையாளர்'னா யாருன்னு விளக்கம் இருக்கு. லீஸ் ஒப்பந்தத்துல இருக்குற வண்டின்னா, அதைக் கையில வச்சிருக்கிறவரையும் உரிமையாளர்னே சொல்லுது. ஆக, விக்கிறதுக்கு நீ ஓனர் இல்ல. விபத்து நடந்தா நீ ஓனர்.

இது பெரம்பலூர்ல மட்டும் இருக்குற கதைன்னு நினைக்காதீங்க. அமெரிக்காவுல இதுக்கு லீஸ்-பர்ச்சேஸ்னு பேர். வண்டியும் லோடும் ஒரே கம்பெனி, தவணை சம்பளத்துலயே கழியும். 2017-ல யுஎஸ்ஏ டுடே பத்திரிகை லாஸ் ஏஞ்சலஸ் துறைமுக டிரைவர்களைப் பத்தி எழுதினப்போ, வாரம் முழுக்க ஓட்டிட்டு, பிடித்தம் போக கம்பெனிக்கே கடன்பட்டு நின்னவங்க கதை வெளிய வந்தது. 2025 ஜனவரியில அந்த நாட்டு அரசு அமைச்ச ட்ரக் லீசிங் டாஸ்க் ஃபோர்ஸ், இந்தத் திட்டங்களையே தடை செய்யணும்னு பரிந்துரை கொடுத்தது.

அதுக்காக கடன் வாங்கி வண்டி எடுக்கிறதே தப்புன்னு நான் சொல்ல வரல. தமிழ்நாட்டுல லாரித் தொழிலே தவணையில வளர்ந்ததுதான். சுந்தரம் ஃபைனான்ஸ் 1954-ல வந்தது, ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ் 1979-ல. பழைய லாரிக்குக் கடன் கொடுத்தே வளர்ந்தது ரெண்டாவது. நாமக்கல், சங்ககிரி பக்கம் கிளீனரா ஏறி ஓனரா இறங்கினவங்க கதை வீட்டுக்கு வீடு கேக்கலாம்.

ஆனா டியூ கட்டுறவன் ஒரு கணக்கைத் தினமும் பாக்கணும்: வண்டி மரத்தடியில நின்னா என்ன செலவு? டியூ 42,500. இந்த எடை வண்டிக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் 2022 ஜூன்ல நிர்ணயிச்சபடி வருஷம் 43,950, மாசத்துக்கு 3,660. நேஷனல் பெர்மிட் வருஷம் 16,500, மாசம் 1,375. முப்பது நாளா வகுத்தா நாளுக்கு 1,600 ரூபாய்க்குக் கிட்ட. காலாண்டு வரி, எஃப்சி, டயர் இதுல சேரல. டயர் ஒண்ணே இருபதாயிரத்துக்கு மேல, அது பத்து இருக்கு.

தம்பிக்கு ஓட்டத் தெரியும்னு சொன்னேன்ல. ஆனா மாசத்துல எத்தனை நாள் வண்டி நிக்குதுன்னு அவனுக்குத் தெரியாது. ஒன்பது வருஷமா அது ஓனரோட கவலை. இவனுக்கு நடைக்கு இவ்வளவு படி, அவ்வளவுதான்.

அதனால மூணாவதா ஒரு வழி பார்த்தோம். வாடகை. ஊர்ல ஒரு பெரியவர். பையன் சிங்கப்பூர் போயிட்டான், வண்டி சும்மா நிக்குது. மாசம் 55,000. டயர், இன்சூரன்ஸ், பெர்மிட், எஃப்சி அவர் பொறுப்பு. டீசலும் டோலும் தம்பியோடது. இன்ஜின்ல பெரிய வேலை வந்தா அந்த நாளுக்கு வாடகை கிடையாது. லோடு எங்க வேணா எடுக்கலாம். மூணு மாசம், பிடிக்கலைன்னா சாவியைக் கொடுத்துட்டு வரலாம். முத்திரைத்தாள்ல ரெண்டு பக்கம் எழுதினோம், இன்சூரன்ஸ் காப்பி, பெர்மிட் காப்பி கையில வாங்கினோம்.

சித்தப்பாவுக்குக் கோபம். "மாசம் 55,000 கொடுத்து அடுத்தவன் வண்டிக்கு உழைக்கிறதா? டியூன்னா கடைசியில வண்டியாவது மிஞ்சும்"னார். அவர் சொல்றதுல நியாயம் இருக்கு. ஆனா இன்சூரன்ஸ், பெர்மிட் கழிச்சா, சொந்த வண்டியை விட வாடகை வண்டி மாசத்துக்கு ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குப் பக்கத்துலதான் கூட ஆகுது. மூணு மாசத்துக்கு 22,500. அந்தப் பணத்துக்கு அவன் என்ன வாங்கினான்னு சொல்றேன்.

ஒரு நோட்டு போட்டான். தினமும் எழுதி வாட்ஸ்அப்ல எனக்கு போட்டோ அனுப்புவான். முதல் மாசம் 9 நாள் வண்டி நின்னது. ஆலை வாசல்ல டோக்கனுக்கு, இறக்குற இடத்துல ஆளுக்கு, சென்னையில திரும்ப லோடுக்கு. பெரம்பலூர்ல இருந்து சென்னை போய் வர சுமார் 540 கிலோமீட்டர். லிட்டருக்கு நாலு கிலோமீட்டர்னா 135 லிட்டர், டீசலே 12,000 ரூபாயைத் தாண்டும். காலியா திரும்பினா அந்த நடையில மிச்சம்னு எதுவும் இல்ல. லோடிங் மாமூல், புக்கிங் ஆபீஸ் கமிஷன் எல்லாம் அவனுக்கு முன்னாடியே தெரியும், கூட்டிப் பார்த்தது இப்பதான். பெரிய அதிர்ச்சி எதுல தெரியுமா? வாடகைப் பாக்கியில. டீசலுக்கு இன்னைக்குக் காசு, லோடு வாடகையில பாக்கி வர்றது ஒரு மாசம், ஒன்றரை மாசம் கழிச்சு. அதாவது வண்டி வாங்குற பணம் போக, வண்டியை ஓட்ட தனியா ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் கையில சுத்தணும். லீஸ்ல அந்த 3 லட்சத்தையும் முன்பணமா கொடுத்திருந்தா, இரண்டாவது மாசமே கந்து வட்டிக்குப் போயிருப்பான்.

ரெண்டாவது மாசம் மக்காச்சோளம் ஏத்தினான். பெரம்பலூர்தான் மக்காச்சோளத்துக்குப் பேர்போன ஊராச்சே, தீவனக் கம்பெனிக்கு லோடு போகும். நிக்கிற நாள் 5 ஆச்சு. மூணாவது மாசமும் 5. ரெண்டு இடத்துல லோடு இருந்தா ஒரு இடத்துல வாடகையைக் கேட்டு வாங்க முடியுதுன்னு அவனே சொன்னான்.

இப்போ என் கையெழுத்து. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, 128வது பிரிவு. கடன் வாங்கினவருக்கு என்ன பொறுப்போ அதே பொறுப்பு ஜாமீன் போட்டவருக்கும். அவரைக் கேட்டு முடிச்சுட்டுத்தான் உங்ககிட்ட வரணும்னு கட்டாயம் இல்ல, நேரா உங்ககிட்டயே வரலாம். நாளைக்கு நீங்க வீட்டுக்கடன் கேக்கும்போது இதுவும் உங்க கணக்குல தெரியும். "சும்மா ஒரு கையெழுத்து"ன்னு யாராவது சொன்னா, அந்த முழுத் தொகையையும் நீங்களே கட்டுற மாதிரி நினைச்சுப் பாருங்க. முடியும்னா போடுங்க.

கான்ட்ராக்டர் பேப்பர்ல நான் போடல. தம்பி ஒரு வாரம் பேசல. அப்புறம் நோட்டு போட்டோ அனுப்ப ஆரம்பிச்சான், அதோட சரியாச்சு.

வாடகை போன வாரம் முடிஞ்சது. இப்போ அந்தப் பெரியவர் வண்டியையே விலை பேசிட்டு இருக்கான். அவர் 19 லட்சம் சொல்றார். 2025 செப்டம்பர் 22-ல இருந்து புது லாரிக்கு ஜிஎஸ்டி 28-ல இருந்து 18 ஆச்சு. புதுசு விலை இறங்கினா பழசும் இறங்கணும்ல, அதைச் சொல்லி 17-க்குக் கேக்குறான். ஆர்சி சுத்தமா இருக்கு, நாங்க பார்த்துட்டோம். மூணு மாசம் ஓட்டினதால கியர் பாக்ஸ் சத்தம் வரைக்கும் அவனுக்குத் தெரியும். கடன் வாங்கினா ஜாமீன் கேப்பாங்க. இந்தத் தடவை எவ்வளவு வரைக்கும் என்னால தாங்க முடியும்னு நானும் என் மனைவியும் உக்காந்து ஒரு தொகை எழுதி வச்சிருக்கோம். அதுக்குள்ள விலை வந்தா போடுறேன்னு சொல்லியிருக்கேன்.

பெரியவர் இன்னும் 18-லயே நிக்கிறார். ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போறேன், நேர்ல உக்காந்து பேசணும்.