கலைமன்றத்தின் தலைவர் யார்?



மும்பை மாதுங்காவிலும், தில்லி கரோல் பாக்கிலும், கொல்கத்தா லேக் மார்க்கெட் பகுதியிலும், இன்னும் எத்தனையோ தொழில் நகரங்களிலும் வாழும் தமிழ் மக்களுக்குக் கலைமன்றம் என்றால் இன்னது என்று விளக்க வேண்டுவதில்லை. வாடகைக்கு எடுத்த ஒரு கூடம், நான்கு பாய்கள், ஒரு சுருதிப்பெட்டி, ஞாயிறு காலையில் குழந்தைகளுக்குத் தமிழ் வகுப்பு, நவராத்திரியில் ஒரு கச்சேரி, பொங்கலை ஒட்டி ஒரு நாடகம், ஆண்டுக்கொருமுறை பொதுக்குழு. தில்லித் தமிழ்ச் சங்கம் 1946-லும், பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் 1950-லும், மும்பையில் சண்முகானந்த சபை 1952-லும் தோன்றின. அவற்றைப்போல் பெயர் பெறாத சிறு மன்றங்கள் பலவும் ஊர்தோறும் உள்ளன.

சில ஆண்டுகளுக்கு முன் வடநாட்டு நகரம் ஒன்றில் அத்தகைய சிறு மன்றத்துக்கு நாம் சென்றிருந்தோம். கூடத்தின் மூலையில் ஓர் இரும்பு பீரோ நின்றது. அம்மன்றத்தார் முப்பது ஆண்டுகளாக எழுதி நடித்த நாடகங்களின் கையெழுத்துப் பிரதிகள் அதனுள் இருப்பதாகச் சொன்னார்கள். திறந்து காட்டுமாறு வேண்டினோம். பழைய செயலாளர் காலமாகிவிட்டார். சாவி எங்கே என்று எவருக்கும் தெரியவில்லை. பூட்டை உடைப்பதென்றால் பொதுக்குழுவின் தீர்மானம் வேண்டுமாம். அருகில் நின்ற பத்து வயதுப் பெண்ணொருத்தி, அதற்குள் என்ன இருக்கிறது என்று இந்தியில் கேட்டாள். அவளுக்கு விடை சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.

அன்று முதல் ஒரு கேள்வி நம் உள்ளத்தை விட்டு அகலவில்லை. கலைமன்றத்தை உண்மையில் நடத்துகிறவர் யார்? பெயர்ப்பலகையில் பெயர் பொறிக்கப் பெற்றவரா? மிகுதியான நன்கொடை தந்தவரா? இதற்கு விடை தேடி நேயர்களைச் சித்தூருக்கும் திருப்பதிக்கும் அழைத்துச் செல்ல விரும்புகிறோம்.

அவ்வூர்களை நாம் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. வேங்கடத்தைத் தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாகச் சொல்வது தொல்காப்பியப் பாயிரம். சித்தூர் மாவட்டம் 1911-ல் சென்னை மாகாணத்தில் அமைந்தது. 1953 அக்டோபர் முதல் நாளில் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அம்மாவட்டம் அதனைச் சேர்ந்தது. ம. பொ. சிவஞானம் முதலியோர் முன்னின்று நடத்திய வடக்கெல்லைக் கிளர்ச்சிக்குப் பின், 1960 ஏப்ரல் முதல் நாளன்று திருத்தணிப் பகுதி தமிழகத்துக்குத் திரும்பியது. நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம், சித்தூர் ஆகிய இடங்களில் தமிழ் பேசுவோர் பலர் ஆந்திரத்திலேயே நின்றனர். நாம் பிழைப்பின் பொருட்டு மாநிலம் கடந்தோம். அவர்கள் வீட்டு வாசலில் இருந்தபடியே வேறு மாநிலத்தவர் ஆயினர். 2022-ல் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. கோடுகள் இவ்வாறு மாறிக்கொண்டிருந்த காலம் முழுவதும் அங்கே கலையைக் காத்தவர்கள் எத்தகையோர் என்பதே நாம் காண வேண்டியது.

முதலில் திருப்பதி. தாளப்பாக்கம் அன்னமாசாரியர் பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். 1408-ல் பிறந்து 1503-ல் மறைந்தவர் என்பர். திருவேங்கடமுடையான் மீது அவர் பாடிய தெலுங்குப் பாடல்கள் 32,000 என்பது மரபு. அவற்றையும், அவருடைய மகனும் பேரனும் பாடியவற்றையும் செப்பேடுகளில் வெட்டித் திருமலைக் கோயிலுக்குள் ஒரு சிற்றறையில் வைத்தனர். சங்கீர்த்தன பண்டாரம் என்பது அவ்வறையின் பெயர். காலப்போக்கில் உலகம் அதனை மறந்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செப்பேடுகள் பாடுவாரின்றிக் கிடந்தன. இருபதாம் நூற்றாண்டின் இருபதுகளிலேதான் அவை மீண்டும் அறிஞர் கவனத்துக்கு வந்தன.

ஏடு கிடைத்தவுடன் பாட்டு கிடைத்துவிடுமா? தேவஸ்தானத்தின் கல்வெட்டறிஞராக இருந்த சாது சுப்பிரமணிய சாஸ்திரி செப்பேடுகளை ஆராய்ந்தார். வேட்டூரி பிரபாகர சாஸ்திரி, கிருஷ்ணா மாவட்டத்தில் பிறந்து, சென்னையில் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் நெடுங்காலம் உழைத்து, பின்னர்த் திருப்பதிக்கு வந்தவர். அவர் பாடல்களைப் படித்துப் பதிப்பிக்கும் பணியில் ஈடுபட்டார். அன்னமாசாரியரின் பேரர் சின்னன்னா இயற்றிய வரலாற்று நூலையும் 1949-ல் வெளியிட்டார். அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். ஏடுகளில் இராகத்தின் பெயர் இருந்ததேயன்றிப் பாடும் முறை இல்லை. அக்குறையை நிரப்ப வந்தவர் இராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா. அனந்தபுரம் மாவட்டத்தவரான அவர், மைசூர் மகாராஜா கல்லூரியில் தெலுங்கு ஆசிரியராகப் பல்லாண்டு பணியாற்றிய பின்னர்த் திருப்பதிக்கு வந்து, நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களுக்கு இசை அமைத்துத் தந்தார். 1974-ல் சென்னை மியூசிக் அகாடமி அவரைச் சங்கீத கலாநிதியாக்கிப் பெருமைப்படுத்தியது. 1978-ல் தேவஸ்தானம் அன்னமாசாரியர் பெயரில் ஒரு திட்டமே தொடங்கியது. அதன் பிறகு எம். எஸ். சுப்புலட்சுமியின் குரலில் அப்பாடல்கள் நாடெங்கும் ஒலித்தன. இன்று நம் வீட்டுப் பெண்கள் இயல்பாகப் பாடும் பாட்டுகளுக்குப் பின்னே இத்துணைப் பேர் நிற்கின்றனர்.

இங்கே ஒன்றைக் கருதவேண்டும். ஒருவர் படித்ததை மற்றொருவர் பதிப்பித்தார். அவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொட்டார். எவரும் பணி முழுவதையும் தம் காலத்திலேயே முடிக்கவில்லை. முடிக்காததை மற்றவர் தொடரும் வகையில் வைத்துச் சென்றனர்.

தமிழராகிய நாம் மறக்கலாகாத செய்தி மற்றொன்றும் உண்டு. அதே சாது சுப்பிரமணிய சாஸ்திரியின் உழைப்பால் திருமலை, திருப்பதிக் கோயில்களின் கல்வெட்டுகள் ஆயிரத்துக்கு மேல் முப்பதுகளில் தொகுதி தொகுதியாக வெளிவந்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை தமிழ்க் கல்வெட்டுகள். பத்தாம் நூற்றாண்டில் சாமவை என்னும் பல்லவ அரசி வெள்ளித் திருமேனி ஒன்றை அளித்த செய்தியும் அவற்றின் வாயிலாகவே நமக்குத் தெரிகிறது. தெலுங்குப் பாட்டைக் காத்த கை தமிழ்க் கல்லெழுத்தையும் காத்தது. இன்றும் மார்கழித் திங்களில் திருமலையில் சுப்ரபாதத்துக்கு மாற்றாகத் திருப்பாவை ஒலிக்கிறது. அயல்மொழி என்று அதனை எவரும் அங்கே ஒதுக்கிவிடவில்லை.

இனிச் சித்தூர். அங்கே ராம விலாச சபை என்றொரு நாடக சபை இருந்தது. ரேபல்லையில் 1904-ல் பிறந்த நாகையா, சித்தூருக்கு வந்து வளர்ந்து, அச்சபையின் மேடையில் நடிகராக உருவானார். பின்னாளில் திரையுலகம் சென்று, 1945-ல் வெளிவந்த தமிழ் ‘மீரா’விலும், 1946-ல் தாமே இயக்கி நடித்த ‘தியாகய்யா’விலும் புகழ் எய்தினார். 1965-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவரைப் பிறந்த ஊர்ப் பெயரால் எவரும் அழைப்பதில்லை. தமிழரும் தெலுங்கரும் சித்தூர் நாகையா என்றே அழைத்தனர். வேற்றூரிலிருந்து வந்த இளைஞனுக்கு அவ்வூர் மேடை கொடுத்தது; அவர் ஊரின் பெயரை நாடறியச் செய்தார். சென்னைப் பனகல் பூங்காவில் நிற்கும் அவர் சிலையின் அருகே நடப்போர் எவரும் அவர் எந்த மாநிலத்தவர் என்று கேட்பதில்லை.

சித்தூர் என்னும் பெயரைத் தாங்கிய மற்றொருவர் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை. 1898-ல் புங்கனூரில் பிறந்தவர். காஞ்சிபுரம் நாயினா பிள்ளையிடம் குருகுலவாசமாக இருந்து இசை பயின்றார். தியாகராசரின் கிருதிகளையும் அருணகிரிநாதரின் திருப்புகழையும் ஒரே மேடையில் முழங்கச் செய்தவர் நாயினா பிள்ளை. சுப்பிரமணிய பிள்ளை 1954-ல் சங்கீத கலாநிதி ஆனார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், பின்னர்த் திருப்பதி இசைக் கல்லூரியிலும் பணிபுரிந்தார். அவரிடம் பல்லாண்டு உடனிருந்து கற்றவரே மதுரை சோமு. ஆந்திரத்து இளைஞர் காஞ்சியில் கற்றதை மதுரை இளைஞர் பெற்று, அதனைத் தமிழ்ப் பாட்டாக்கி மக்கள் முன் வைத்தார். மாநில எல்லை எங்கே வகுக்கப்பெற்றாலும் இக்குருபரம்பரை அறுபடவில்லை.

இவர்கள் வரலாற்றிலிருந்து மன்றம் நடத்துவோர் பெறத்தக்கவை மூன்று.

முதலாவது, பதிவு. ஏட்டில் இல்லாதது அடுத்த தலைமுறைக்கு எட்டுவதில்லை. நம் மன்றங்களில் எந்த ஆண்டு எவர் பாடினார், எந்த நாடகம் நடந்தது, அதை எழுதியவர் யார் என்று குறித்து வைக்க ஒரு குறிப்பேடு போதும். இக்காலத்தில் கைப்பேசியால் பழைய பிரதிகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைக்கலாம். அதற்குப் பெரும் பொருட்செலவு இல்லை. ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் ஒதுக்க இருவர் முன்வந்தால் போதுமானது.

இரண்டாவது, கற்பித்தல். ஆண்டில் நான்கு பெரிய கச்சேரிகளுக்குத் திரட்டும் பணத்தில் ஒரு பங்கேனும் ஆண்டு முழுவதும் நடக்கும் வகுப்புக்குச் செல்லவேண்டும். மாலையும் பொன்னாடையும் பெறும் வித்துவான் மறுநாள் இரயிலேறிவிடுவார். நாற்பது வாரம் குழந்தைகளுக்கு அரிச்சுவடியும் சரளி வரிசையும் சொல்லித்தரும் அம்மையார் அங்கேயே இருப்பார். ஆண்டறிக்கையில் அவர் பெயர் வருகிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, கதவைத் திறந்து வைத்தல். மராத்தியரும் வங்காளியரும் பஞ்சாபியரும் நம் மேடையைக் காண வரவேண்டும். அவர்கள் கலையை நம் குழந்தைகளும் கற்கவேண்டும். சித்தூர் மாவட்டத்துக் குப்பத்தில் 1997-ல் திராவிடப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அண்டை மாநிலங்களும் அதற்குத் துணைநின்றன. அரசுகள் செய்யும் அளவுக்கு ஒரு தெருவில் உள்ள மன்றத்தால் செய்ய இயலாது. எனினும் அடுத்த வீட்டாரை அழைக்க இயலும். அவ்வாறு அழைத்தால் தமிழ் மங்கிவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. அவ்வச்சத்தை நாம் எள்ளவில்லை. வீட்டிலே தமிழ் பேசாத பிள்ளை, மன்றத்திலும் பேசாது போய்விடுமோ என்னும் கவலை நியாயமானதே. ஆயின் திருமலையில் அன்னமாசாரியரின் தெலுங்குப் பாட்டுக்கு இடம் தந்ததனால் ஆண்டாளின் தமிழுக்கு அங்கே குறைவு நேரவில்லை என்பதை நினைவிற் கொள்க.

தலைமை என்பது வீற்றிருக்கும் நாற்காலியைப் பொறுத்தது என்று பலர் எண்ணுகின்றனர். நாற்பது ஆண்டு ஒருவரே செயலாளராக உழைப்பது தியாகந்தான், அதை வணங்குகிறோம். ஆனால் அவருக்குப் பின் அப்பணியைச் செய்ய ஒருவரும் பழக்கப்படவில்லையென்றால், அத்தனை ஆண்டு உழைப்பும் ஒரு பூட்டுக்குள் அடங்கிவிடும். வேட்டூரியார் மறைந்த பின்னும் செப்பேட்டுப் பணி நிற்காமைக்குக் காரணம், அவர் கையிலிருந்ததை வாங்கிக்கொள்ள வேறு கைகள் அங்கே இருந்தமையே.

ஆகவே நேயர்களே, உங்கள் மன்றத்தின் அடுத்த கூட்டத்தில் இரண்டு காரியங்களைச் செய்யுமாறு வேண்டுகிறோம். பீரோவின் சாவிக்கு இன்னொரு சாவி செய்வித்து, முப்பது வயதுக்கு உட்பட்ட ஒருவரிடம் கொடுங்கள். பிறகு அப்பீரோவைத் திறந்து, உள்ளே இருப்பவற்றைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். இதற்குள் என்ன இருக்கிறது என்று ஒரு பெண் குழந்தை எந்த மொழியில் கேட்டாலும், அவளை அருகில் அமர்த்தி விடை சொல்ல வல்லவர் எவரோ, அவரே உங்கள் மன்றத்தின் தலைவர்.