ஓடி ஜெயிச்சாச்சு, படிவத்தில் என்ன எழுதினோம்?

நான் ஆலங்குளத்தில் இருந்து பேசுறேன். தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் இல்லைங்க, ராஜபாளையம் பக்கம், சிமெண்ட் ஆலை இருக்கிற ஆலங்குளம்.

விடியக்காலை ஐந்து மணிக்கு எங்க மைதானத்துக்கு வந்தீங்கன்னா பிள்ளைகள் ஓடிக்கிட்டு இருப்பாங்க. எல்லாம் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு. நானும் ஒரு காலத்தில் ஓடியவன்தான். உயரம் 170 சென்டிமீட்டர் வேணும், எனக்கு 169. வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம் மற்ற பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பிச்சேன்.

தேர்வு முறை உங்களில் பலருக்குத் தெரியும். சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்துது. பத்தாம் வகுப்பு பாஸ் பண்ணியிருந்தா போதும். முதலில் தமிழ்த் தகுதித் தேர்வு, 80-க்கு 32 எடுக்கணும். இல்லைன்னா அடுத்த விடைத்தாளைத் திருத்தவே மாட்டாங்க. எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண். ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்கணும். கயிறு ஏறுதல், தாண்டுதல், ஓட்டம் மூன்றுக்கும் சேர்த்து 24. என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்கு 6. ஆக மொத்தம் 100.

இந்த நூறைப் பற்றி எல்லோரும் பேசுறோம். கடைசியில் வருகிற காவல் விசாரணையைப் பற்றி யாரும் பேசுறது இல்லை. அதற்கு மதிப்பெண்ணே கிடையாது. ஆனால் நூறையும் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும்.

என்னிடம் பயிற்சி எடுத்த ஒரு தம்பி. ஊர்ப் பொங்கலில் இரண்டு தரப்புக்கும் தகராறு, வழக்கில் இவன் பெயரும் சேர்ந்திருச்சு. அப்புறம் பெரியவங்க உட்கார்ந்து ராஜி பேசினாங்க. புகார் கொடுத்தவரே கோர்ட்டில் மாத்திச் சொல்லிட்டார். எல்லோரும் விடுதலை. படிவத்தில், ‘குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டது உண்டா?’ன்னு கேட்டிருந்தது. “அண்ணே, என்ன எழுத?”ன்னான். “அதான் விடுதலை ஆயாச்சுல்ல, இல்லைன்னு போடு”ன்னு சொன்னது நான்தான்.

எழுத்திலும் மைதானத்திலும் நல்ல மதிப்பெண். தேர்வுப் பட்டியலில் பெயர் வந்தது. விசாரணையில் பழைய வழக்கு வெளியே வந்தது. வேலை போச்சு.

பிறகுதான் நான் விதியைப் படிச்சேன். சந்தேகத்தின் பலனால் விடுதலையானாலும், புகார்தாரர் பிறழ்ந்து விடுதலையானாலும், அந்த ஆள் வழக்கில் சம்பந்தப்பட்டவராகத்தான் கணக்கு. நம்ம ஊரில் திருவிழாச் சண்டை வழக்கெல்லாம் எப்படி முடியுது? ராஜியில்தானே! ஊருக்கு நல்லதுன்னு நாம செய்கிற அதே காரியம், காவலர் வேலைக்குப் போகிற பையனுக்குக் கதவை அடைச்சிருது. 2008-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வும் இந்த விதி செல்லும்னு சொல்லிருச்சு.

விசாரணை நேரத்தில் வழக்கு நிலுவையில் இருந்து, பின்னால் கண்ணியமான விடுதலை கிடைச்சாலும், அடுத்த தேர்வில்தான் கலந்துக்க முடியும். பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 26. அடுத்த அறிவிப்பு வர்றதுக்குள்ள சிலருக்கு வயசு போயிரும்.

மறைக்கிறது தனித் தப்பு. 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவா பேசியிருக்கு. சின்ன வயசில் நடந்த அற்ப வழக்கை மறைச்சிருந்தா அதிகாரிகள் மன்னிக்கலாம். ஆனால் கட்டாயம் இல்லை. உண்மையை எழுதினாலும் வேலை உறுதி இல்லை, பரிசீலிக்க அவங்களுக்கு உரிமை உண்டு.

அதனால் இப்ப என் பிள்ளைகளுக்கு நான் சொல்றது இது. பெயர் வழக்கில் இருந்தா ‘ஆம்’னு எழுதுங்க. முதல் தகவல் அறிக்கை, தீர்ப்பு நகல் இரண்டையும் வாங்கி வையுங்க. தீர்ப்பில் விடுதலைக்கு என்ன காரணம் எழுதியிருக்குன்னு வக்கீலிடம் வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க. ராஜிக்குத் தலையாட்டும் முன்னாடி, ‘இந்தப் பையன் காவலர் தேர்வு எழுதப் போறான்’னு பெரியவங்க வக்கீலிடம் சொல்லிடுங்க.

அந்தத் தம்பி ஒரு நாள்கூட என்னைக் குறை சொன்னது இல்லை. ஒரு தடவை மட்டும் கேட்டான்: “அண்ணே, ஆமான்னு எழுதியிருந்தா கிடைச்சிருக்குமா?” கிடைச்சிருக்கும்னு என்னால் சொல்ல முடியலை. ஆனால் பொய் சொன்னவன்கிற பெயராவது அவனுக்கு வந்திருக்காது. அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தது நான்.

இப்ப மைதானத்துக்குப் புதுசா யார் வந்தாலும், ஓடச் சொல்றதுக்கு முன்னாடி இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்கிறேன்.