கம்பஸ் போகுமுன் கணக்கை மீட்டுவோம்

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் பிள்ளைகள் சிலர் இம்முறை பல்கலைக்கழகம் போகிறார்கள். கூடை சுமந்து நாம் கண்ட வெற்றி இது. ஆனால் உயர்தரப் பரீட்சை முடிந்து கம்பஸ் திறக்கப் பல மாதம் ஆகிறது. அதற்குள் அட்சரகணிதம் மறந்துபோகிறது. வகுப்பில் பின்தங்கும் பிள்ளை வெட்கப்பட்டுக் கேட்பதுமில்லை.

அட்சரகணிதம் நமக்குப் புதிதல்ல. நாட்சம்பளம் 1350 ரூபா, மேலதிகக் கிலோவுக்கு 50 ரூபா, மொத்தம் 1600 ரூபா என்று வைப்போம். மேலதிகக் கிலோ எத்தனை? 1600இல் 1350ஐக் கழித்து, மீதியை 50ஆல் வகுத்தால் 5. தெரியாத அந்த எண்ணுக்கு ஓர் எழுத்தை வைத்து எழுதினால் அதுவே சமன்பாடு.

கான் அகடமி இணையத்தளத்தில் இதை இலவசமாக மீட்டலாம். மணி அடிப்பதில்லை, அவரவர் வேகத்தில் படிக்கலாம். ஒரே பாடத்தைப் பத்துத் தடவை கேட்டாலும் யாரும் சிரிக்கப்போவதில்லை. பயிற்சியில் பிழைத்தால் திரும்பச் செய்யலாம். பின்னம், மறை எண்களில் தொடங்குங்கள். பிறகு சமன்பாடு, அதன்பின் வரைபு. வீடியோவை மட்டும் பார்த்தால் போதாது, கொப்பியில் செய்து பார்க்கவேண்டும்.

பெற்றோரிடம் நாம் கேட்பது தினமும் ஒரு மணி நேரம். அந்நேரம் போனைப் பிள்ளையிடம் கொடுங்கள். பெண்பிள்ளை என்றால் தண்ணீரையும் விறகையும் வீட்டில் வேறொருவர் பாருங்கள். லயத்தில் சிக்னல் இல்லையா? சிக்னல் உள்ள ஓர் இடத்தைத் தோட்டக் கமிட்டி ஒதுக்கட்டும். சனிக்கிழமைகளில் ஆசிரியர்களாகிய நாங்கள் வந்து சந்தேகம் தீர்ப்போம்.

கம்பஸ் வாசல்வரை அனுப்பிவிட்டோம். உள்ளே தலைநிமிர்ந்து உட்கார வைப்பதும் நம் பொறுப்பே.