பேட்டை அங்காடிகளும் கடை வாடகையும்: தில்லி தரும் பாடம்

(பொருளாதார மாணவர்களும் நகராட்சித் துறை அலுவலர்களும் கூடிய கருத்தரங்கில் ஆற்றிய உரை)



நகர வளர்ச்சி பற்றிப் பேசும்போது வீட்டு வசதி, குடிநீர், போக்குவரத்து ஆகியவற்றுக்கு நாம் தரும் கவனத்தைக் கடைகளுக்குத் தருவதில்லை. கடை என்பது தானே முளைக்கும், தானே நடக்கும் என்று கருதி விடுகிறோம். ஆயினும் ஒரு பேட்டையில் வாழும் முதியவர் மருந்து வாங்க எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், வேலைக்குச் செல்லும் பெண் மாலையில் காய்கறி வாங்க எத்தனை மணித்துளி செலவிட வேண்டும் என்பனவும் வாழ்க்கைத் தரத்தின் அளவுகோல்களே. இவற்றை முடிவு செய்வது பெரும்பாலும் கடை வாடகைதான். தலைநகர் தில்லியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வுண்மையை விளக்க விரும்புகிறேன்.

தில்லி அங்காடிகளின் தோற்றம்

தில்லியின் இன்றைய கடைத்தெருக்கள் மூன்று வழிகளில் பிறந்தவை. முதலாவது, ஆங்கிலேயர் ஆட்சியில் தலைநகருக்காகக் கட்டப்பட்டவை. ராபர்ட் டார் ரஸ்ஸல் வடிவமைக்க, 1929இல் தொடங்கி 1933இல் முடிவுற்ற கன்னாட் பிளேஸ் இதற்குச் சான்று. இரண்டாவது, 1947ஆம் ஆண்டுப் பிரிவினையால் வீடு வாசலை இழந்து வந்தோரின் மறுவாழ்வுக்காக அமைக்கப்பட்டவை. எல்லைக் காந்தியின் தமையனார் டாக்டர் கான் சாகிப்பின் பெயரால் வழங்கும் கான் மார்க்கெட் 1951இல் இவ்வாறு தோன்றியதே. கீழே கடை, மேலே குடியிருப்பு என்ற எளிய அமைப்பில் அது கட்டப்பட்டது. மூன்றாவது, 1957இல் நிறுவப்பட்ட தில்லி வளர்ச்சி ஆணையம் பெருந்திட்டத்தின்படி அமைத்த அங்காடிகள்.

1962இல் நடைமுறைக்கு வந்த முதற் பெருந்திட்டம், கடைகளைப் படிநிலைகளாக வகுத்தது. இக்கொள்கை 2007 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட, 2021ஆம் ஆண்டுக்கான பெருந்திட்டத்திலும் தொடர்ந்தது. அதன்படி 5,000 பேருக்கு ஓர் அன்றாடத் தேவைக் கடைத்தொகுதி, 10,000 பேருக்கு ஒரு வட்டார அங்காடி, 1 இலட்சம் பேருக்கு ஒரு சமுதாய மையம், 5 இலட்சம் பேருக்கு ஒரு மாவட்ட மையம் என்பது அளவு. மளிகையும் மருந்தும் நடந்து செல்லும் தொலைவில் கிடைக்க வேண்டும்; நகையும் பட்டும் சற்றுத் தொலைவில் இருக்கலாம் என்பதே இதன் உட்பொருள்.

திட்டம் நன்று. ஆனால் எந்தக் கட்டடத்தில் கடை இருக்கலாம் என்று திட்டம் கூறியதே தவிர, அக்கடையில் எந்த வணிகர் நிலைத்திருப்பார் என்பதைக் கூறவில்லை. அதைக் கூறியது வாடகை.

வாடகை எவ்வாறு அமைகிறது?

நிலவாடகை விலையின் காரணம் அன்று, விலையின் விளைவே என்று 1817இல் ரிக்கார்டோ விளக்கினார். கடைக்கும் இது பொருந்தும். ஓர் இடத்தில் மிகுதியாக ஈட்டக்கூடியவர் எவ்வளவு தர இயலுமோ, அதை நோக்கியே வாடகை உயரும். கணக்கு ஒன்றால் இதை விளக்கலாம். எண்கள் விளக்கத்திற்காக நான் அமைத்துக் கொண்டவை.

மளிகைக் கடை ஒன்றின் மாத விற்பனை 8 இலட்சம் ரூபாய் எனக் கொள்வோம். நூற்றுக்கு 12 வீதம் மொத்த ஆதாயம் 96,000 ரூபாய். இரு பணியாளர் ஊதியம் 38,000, மின்சாரமும் சேதாரமும் பிறவும் 13,000 போக எஞ்சுவது 45,000. குடும்பச் செலவுக்கு 25,000 ஒதுக்கினால், வாடகையாகத் தரக்கூடியது 20,000 ரூபாய்.

அதே இடத்தில் காப்பிச் சிற்றுண்டிச் சாலை ஒன்று வருகிறது. அதன் விற்பனை 5 இலட்சமே. பண்டங்களின் அடக்கம் நூற்றுக்கு 30 எனில் எஞ்சுவது 3,50,000. ஊதியம் 1,20,000, ஏனைய செலவுகள் 90,000, உரிமையாளர் ஆதாயம் 50,000 ஆகியவற்றைக் கழித்தால், இடத்திற்காகச் செலவிடக்கூடியது 90,000 ரூபாய். குறைவாக விற்பவர் நான்கரை மடங்கு தர முன்வருகிறார்! வணிக இடத்தின் வாடகைக்கு நூற்றுக்கு 18 வீதம் சரக்கு, சேவை வரி உண்டு. நூற்றுக்கு 5 வீத வரியில் இயங்கும் உணவகங்கள் 2017 நவம்பர் முதல் உள்ளீட்டு வரியை ஈடு செய்து கொள்ள இயலாது. இவ்வரியையும் 90,000க்குள் அடக்கினால், வாடகை ஏறத்தாழ 76,000 ஆகும். அப்போதும் அது மளிகைக் கடை தருவதைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு.

கான் மார்க்கெட்டில் நிகழ்ந்தது இதுவே. அகதிகளின் பிழைப்புக்காகப் பிறந்த அங்காடி, இன்று நாட்டிலேயே மிக உயர்ந்த கடை வாடகை நிலவும் இடங்களுள் ஒன்று. மேல்தளக் குடியிருப்புகள் பல உணவகங்களாக மாறிவிட்டன. இதில் குற்றம் செய்தவர் எவரும் இல்லை. உணவகம் வேலை தருகிறது. மக்கள் விரும்பி வருகின்றனர். ஆனால் அரிசி, மருந்து, செருப்புத் தைத்தல், மாவு அரைத்தல் போன்ற குறைந்த ஆதாயத் தொழில்கள் அருகில் இருப்பதால் பேட்டைக்குக் கிடைக்கும் நன்மை வாடகைப் பேரத்தில் எங்கும் எண்ணப்படுவதில்லை. அந்நன்மைக்கு விலை கூறுபவர் இல்லை. ஆகவே அது தோற்கிறது.

கட்டுப்பாடு தந்த படிப்பினை

அவ்வாறெனில் வாடகையைச் சட்டத்தால் கட்டிவிடலாமே எனச் சிலர் வினவலாம். அதையும் நாம் செய்து பார்த்துள்ளோம். பம்பாயின் 1947ஆம் ஆண்டுச் சட்டம், வாடகையை 1940 செப்டம்பர் நிலையில் நிறுத்தியது. 1958ஆம் ஆண்டு தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிலையான வாடகையை வரையறுத்து, குறிப்பிட்ட காரணங்களுக்கன்றி வெளியேற்றலாகாது என்றது. இது வீட்டுக்கு மட்டுமன்றிக் கடைக்கும் பொருந்தியது. கடையின் வாடகை உரிமை வாரிசுகளுக்குச் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1985இல் தீர்ப்பளித்தது.

விளைவு யாது? கன்னாட் பிளேசில் சில நூறு ரூபாய் வாடகை தரும் பழைய கடையும், இலட்சக்கணக்கில் தரும் புதிய கடையும் அடுத்தடுத்து அமைந்தன. பழுது பார்க்கும் செலவுக்கும் போதாத வாடகையால் கட்டடங்கள் சீரழிந்தன. வட இந்தியர் ‘பக்டி’ என வழங்கும் மறைமுகப் பணம் பெருகிற்று. வாடகைக்கு விட்டால் திரும்பப் பெற இயலாது என அஞ்சியோர் கடையைப் பூட்டியே வைத்தனர். கணவர் விட்டுச் சென்ற ஒரே கடையின் வாடகையை நம்பி வாழும் கைம்பெண், அதே கடையில் வளமாக வணிகம் புரிபவருக்கு உதவித் தொகை அளிப்பவராக மாறினார். ஏழையிடமிருந்து செல்வருக்குச் செல்லும் மானியத்தைச் சமூக நீதி என்று கூற இயலாது.

திருத்தங்களும் வந்தன. 1988இல், மாதம் 3,500 ரூபாய்க்கு மேற்பட்ட வாடகைக்கு விலக்கு அளிக்கப்பட்டது. மூன்றாண்டுக்கு ஒருமுறை நூற்றுக்கு 10 உயர்த்தவும் இடம் தரப்பட்டது. 1995இல் நாடாளுமன்றம் புதிய சட்டமே இயற்றியது. வணிகர்களின் எதிர்ப்பினால் அது நடைமுறைக்கு வரவேயில்லை. உரிமையாளர் தமது உண்மையான தேவைக்கு வணிக இடத்தையும் மீட்கலாம் என 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது.

பதினொரு மாத ஒப்பந்தம்

பழைய கட்டுப்பாட்டுக்கு எதிர்முனையில் இருப்பது இன்றைய பதினொரு மாத ஒப்பந்தம். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். பதிவுச் செலவையும் முத்திரைத் தீர்வையையும் தவிர்க்க இருதரப்பும் பதினொரு மாதத்தை நாடுகின்றனர்.

வீட்டுக்கு இது ஒருவாறு பொருந்தலாம், கடைக்குப் பொருந்தாது. வீடு மாறுபவர் பெட்டி படுக்கையுடன் செல்கிறார். கடை மாறுபவரோ அலமாரி, தரை, மின்னிணைப்பு, சமையலறைக் குழாய் ஆகியவற்றில் இட்ட முதலையும், அவற்றினும் மேலாகத் தேடி வைத்த வாடிக்கையாளரையும் விட்டுச் செல்கிறார். அவ்விடத்தின் மதிப்பை உயர்த்தியவரும் அவரே. புதுப்பிக்கும் நாளில் அவ்வுயர்வையே காட்டி அவரிடம் கூடுதல் வாடகை கேட்கப்படுகிறது. இந்நிலையில் எவர் முதலீடு செய்வார்? எந்த வங்கி பதினொரு மாத உரிமையை நம்பிப் பெருங்கடன் தரும்?

பிற நாடுகள் இடைவழி கண்டுள்ளன. பிரான்சில் 1953 செப்டம்பர் ஆணையில் வேரூன்றிய வணிகக் குத்தகை முறையின்படி, குறைந்த அளவு காலம் ஒன்பது ஆண்டு. மூன்றாண்டு முடிவுகளில் வாடகைதாரர் விலகலாம். புதுப்பிக்க மறுக்கும் உரிமையாளர் பொதுவாக இழப்பீடு தர வேண்டும். அங்கு உரிமையாளரும் அழியவில்லை, கடையும் அழியவில்லை.

நம் நாட்டில் மத்திய அமைச்சரவை 2021 ஜூனில் ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம், எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்குகிறது. வணிக இடத்திற்கான முன்பணத்தை ஆறு மாத வாடகைக்குள் வரையறுக்கிறது. தனி வாடகை ஆணையத்தையும் நீதிமன்றத்தையும் காண்கிறது. இதை ஏற்பது மாநிலங்களின் விருப்பம். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு முன்பே இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் இச்சட்டங்கள் வீட்டையும் கடையையும் ஏறத்தாழ ஒரே கண்ணால் காண்கின்றன. சிறு கடைக்குரிய குறைந்த அளவுக் காலம் பற்றி அவை பேசவில்லை.

பூட்டு முத்திரையும் வார அங்காடியும்

தில்லியின் மற்றோர் அனுபவத்தையும் நினைவுகூர வேண்டும். திட்டமிட்ட அங்காடிகள் போதாமையால் வீடுகளின் கீழ்த்தளங்கள் கடைகளாயின. 2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி, விதிமீறிய கடைகளுக்குப் பூட்டு முத்திரை இடும் பணி தொடங்கியது. வணிகர்கள் தெருவில் இறங்கினர். பின்னர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தெருக்கள் வணிகப் பயனுக்கும் கலப்புப் பயனுக்கும் உரியவையென அறிவிக்கப்பட்டன. 2017 டிசம்பரில் முத்திரையிடல் மீண்டும் தொடங்கியது. தேவையைக் குறைத்து மதிப்பிட்ட திட்டம், சட்டத்தை மதிக்க விரும்பிய குடிமக்களையும் விதிமீறுவோராக்கியது என்பதே இதன் பாடம்.

மறுபுறம், எந்தப் பெருந்திட்டமும் உருவாக்காத ஒரு தீர்வைத் தில்லி மக்கள் தாமே கண்டனர். அதுவே கிழமையின் பெயரால் வழங்கும் வார அங்காடி. திங்களன்று ஒரு பேட்டை, புதனன்று வேறொரு பேட்டை என வணிகர் மாலையில் சாலையோரத்தில் கடை விரித்து இரவில் எடுத்துச் செல்கின்றனர். மாத வாடகை தர இயலாதவர், வாரத்தில் சில மணி நேரத்திற்கான இடத்தை மட்டுமே பெறுகிறார். நிலத்தைக் காலத்தால் பங்கிடும் இம்முறை சிக்கனத்தின் சிறந்த எடுத்துக்காட்டு. 2014ஆம் ஆண்டுத் தெரு வணிகர் சட்டம், நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு 40க்குக் குறையாத இடம் வணிகருக்கே எனக் கூறுகிறது. கணக்கெடுப்பில் கண்ட வணிகருக்கு, வட்டார மக்கள்தொகையில் நூற்றுக்கு 2.5 என்ற வரம்புக்குள் இடமளிக்கவும் பணிக்கிறது. சட்டம் தெளிவாக இருக்கிறது. குழுக்கள் முறையாகக் கூடி முடிவெடுப்பதே தேவை.

செய்யத்தக்கவை

இவற்றினின்றும் நான்கு கருத்துகளை முன்வைக்கிறேன்.

ஒன்று: குறிப்பிட்ட பரப்புக்குட்பட்ட சிறு கடைகளுக்கு ஐந்தாண்டுக்குக் குறையாத பதிவுபெற்ற குத்தகை வழக்கமாக வேண்டும். வாடகை ஆண்டுதோறும் விலைவாசிக் குறியீட்டெண்ணுக்கேற்ப உயரட்டும். காலம் முடிந்ததும் இடம் திரும்பும் என்ற உறுதி உரிமையாளருக்கும், காலத்திற்கு முன் வெளியேற்றம் இல்லை என்ற உறுதி வணிகருக்கும் வேண்டும். இதற்கு முத்திரைத் தீர்வையைப் பெயரளவுக்குக் குறைப்பது அரசுக்குப் பெரும் இழப்பாகாது. பதிவாகாத ஒப்பந்தத்தினின்றும் இன்று பெருமளவு தீர்வை கிடைப்பதில்லை.

இரண்டு: புதுப்பிக்கும்போது, வெளியார் தரும் வாடகையைத் தாமே தர முன்வரும் பழைய வணிகருக்கு முதலுரிமை தரலாம்.

மூன்று: வளர்ச்சி ஆணையங்களும் நகராட்சிகளும் தாமே கடை உரிமையாளராகவும் விளங்குகின்றன. அவை எல்லாக் கடைகளையும் உச்ச ஏலத்திற்கு விடுதல், மேலே கண்ட கணக்கையே மீண்டும் அரங்கேற்றும். ஒவ்வொரு பேட்டை அங்காடியிலும் சில கடைகளை மருந்து, மளிகை, காய்கறி, பழுது பார்த்தல் ஆகியவற்றுக்கென ஒதுக்கி, அத்தொழிலினருக்குள் மட்டும் ஏலம் நடத்தலாம். ஒதுக்கிய கடையை உள்வாடகைக்கு விடுவதைக் கண்டிப்புடன் தடுத்தலும் வேண்டும்.

நான்கு: வார அங்காடிகளுக்கு இடம், விளக்கு, குப்பை அகற்றல், கழிப்பிடம் ஆகியவற்றை நகராட்சி அளித்து, உரிய கட்டணத்தைப் பற்றுச்சீட்டுடன் பெற வேண்டும்.

இன்று மேலும் ஒரு போட்டியாளர் வந்துள்ளார். தொலைபேசியில் கேட்டதைச் சில மணித்துளிகளில் வீடு சேர்க்கும் நிறுவனங்கள், வாடிக்கையாளர் நுழையாத கிடங்குகளைப் பேட்டைக்குள்ளேயே வாடகைக்குப் பிடிக்கின்றன. இவ்வசதியைத் தடுப்பது அறிவுடைமையன்று. ஆயினும் மாதக் கடைசியில் கணக்கில் எழுதிக் கொண்டு பொருள் தரும் கடைக்காரரையும், தெருவுக்கு விளக்காகவும் காவலாகவும் இருக்கும் திறந்த கடையையும் கிடங்கு ஈடு செய்யாது. அவை போட்டியில் தோற்பதானால் திறமைக் குறைவால் தோற்கட்டும்; பதினொரு மாதத் தாளால் தோற்கக் கூடாது.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பேட்டையின் ஒரு தெருவை எடுத்துக் கொள்ளுங்கள். எந்தக் கடை எத்தனை ஆண்டாக உள்ளது, ஒப்பந்தம் எவ்வகை, வாடகை விற்பனையில் எத்தனை பங்கு என்று வினவிக் குறித்து வையுங்கள். கொள்கை வகுப்போருக்கு இத்தகைய எளிய கணக்கெடுப்புகள் பெரிதும் பயன்படும். அலுவலர்களுக்கு நான் கூற விரும்புவது, வரைபடத்தில் கடை என்று நிறமிடுவதோடு நம் கடமை முடிவதில்லை; அந்நிறத்திற்குள் எளியவரும் வணிகம் செய்ய வழி உண்டா என்பதையும் காண வேண்டும் என்பதே.