தூரிகையும் மெழுகும்



1881 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திற் பாரிஸ் நகரிலே ஓர் ஓவியக் கண்காட்சி நடைபெற்றது. அங்கே கண்ணாடிப் பேழை ஒன்று பல நாள்களாக வெறுமையாகவே நின்றது. பின்னர் அதனுள் மெழுகாலான ஒரு சிறுமியின் உருவம் வந்து சேர்ந்தது. உயரம் ஏறக்குறைய மூன்றேகால் அடி. தலையில் உண்மையான கூந்தல், அதனை முடிந்த நாடா, மார்பிலே கச்சு, இடையிலே மெல்லிய துணிப்பாவாடை. பளிங்குத் தேவமாதரைக் கண்டு பழகிய கண்களுக்கு இது பொறுக்கவில்லை. குரங்கு முகம் என்று இகழ்ந்தோரும் உளர். ஊய்மான்ஸ் என்னும் எழுத்தாளர் மாத்திரம், சிற்பக்கலை புதுவழியிற் காலெடுத்து வைத்தது இங்கேதான் எனப் போற்றினார்.

உருவத்தைச் செய்தவர் எட்கார் டெகா. மரபறியாதவர் செய்த குறும்பு என இதனைத் தள்ளிவிடல் ஆகாது. 1834 இற் பிறந்த அவர், சட்டக்கல்வியைக் கைவிட்டு, லூவர் நூதனசாலையிற் பழைய மேதைகளின் ஓவியங்களைப் பார்த்து வரைந்து பழகியவர். 1855 இற் கவின்கலைக் கல்லூரியிற் சேர்ந்து, ஆங்கர் என்னும் பேரோவியரின் மாணாக்கரான லாமோத்திடம் பயின்றார். பின்னர் ஏறக்குறைய மூன்றாண்டுகள் இத்தாலியிற் கழிந்தன. கோடே ஓவியத்தின் உயிர் என்பது ஆங்கர் வழியினரின் கொள்கை. அக்கோட்டினை டெகா இறுதிவரை கைவிட்டாரல்லர். தேவமாதரை விட்டு, ஆடலரங்கிற் கால்நோவ நிற்கும் ஏழைச் சிறுமியரிடம் அதனைக் கொண்டு சென்றார், அவ்வளவே.

அந்த மெழுகுச் சிறுமிக்கும் ஒரு பெயர் உண்டு. மரி வான் கூத்தம் என்பாள்; தந்தை தையற்காரர், தாய் சலவைத் தொழிலாளி. 1882 இல் அவள் ஆடலரங்கிலிருந்து நீக்கப்பட்டாள். ஓவியரின் புகழ் வளர்ந்ததேயன்றி, மாதிரியாக நின்றவளின் வறுமை தீர்ந்தபாடில்லை.

டெகாவையும் ஒரு துன்பம் தொடர்ந்தது. 1870 இற் பிரான்சும் பிரஷ்யாவும் பொருத காலத்திலே, துப்பாக்கிப் பயிற்சியின்போது தம் கண்பார்வை பழுதுற்றிருத்தலை அவர் உணர்ந்தார். ஆண்டுதோறும் அது மங்கியது. கோட்டினைக் காணக் கண் மறுத்தபோது, விரலால் அதனைத் தேடினார் எனலாம். குதிரைகள், ஆடல்மகளிர், நீராடும் பெண்கள் என மெழுகிலும் களிமண்ணிலும் வனைந்துகொண்டேயிருந்தார். உள்ளே தாங்கும் கம்பிகள் வலுவற்றவை; ஆகவே உருவங்கள் அடிக்கடி சரிந்தன. அவர் சலிப்பின்றி மீண்டும் தொடங்குவார். எனினும் கண்காட்சிக்கு அனுப்பிய சிற்பம் அச்சிறுமி ஒன்றே. வாழ்நாளில் எதனையும் வெண்கலத்தில் வார்ப்பித்தாரல்லர்.

1917 இல் அவர் மறைந்தபின், தொழிற்கூடத்தில் ஏறக்குறைய நூற்றைம்பது உருவங்கள் கிடந்தன, பல உடைந்தவை. எஞ்சியவற்றுட் சிறந்தவை எப்ரார் என்பவரின் வார்ப்புச்சாலையில் வெண்கலமாயின. மூல மெழுகுருவங்களுட் பல இன்று வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் உள்ளன. அங்கே ஊடுகதிர் செலுத்தி ஆராய்ந்தபோது உள்ளிருந்தவை புலனாயின: சில உருவங்களின் வயிற்றில் மதுப்புட்டித் தக்கைகள், அந்தச் சிறுமியின் கைகளுக்குள்ளே, எலும்பாய் நின்று தாங்குவன பழைய தூரிகைக் காம்புகள்.